சூரிய அடுப்பு செய்யும் வகுப்பறை

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



"ஆற்றல் என்றால் என்ன?" என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால், "வேலை செய்யும் திறனே ஆற்றல்" என்று நாற்பது குரல்கள் ஒருமிக்க விடையளிக்கும். விடையில் பிழையில்லை. ஆனால் அந்த நாற்பது பேரில், அன்று காலை தாயுடன் சென்று சுள்ளி பொறுக்கி வந்த சிறுமியும் ஒருத்தி இருக்கக்கூடும். ஈர விறகு ஏன் புகைகிறது என்பதும், எவ்வளவு சுள்ளிக்கு எவ்வளவு சோறு வேகும் என்பதும், காற்று வீசினால் அடுப்பை எப்படி மறைக்க வேண்டும் என்பதும் அவளுக்கு நன்கு தெரியும். எனினும், தான் அறிந்திருப்பது ஆற்றலைப் பற்றிய அறிவே என்பதை அவள் அறியாள். பள்ளியில் கற்ற வாக்கியம் ஒருபுறமும், வீட்டில் கற்ற அனுபவம் மறுபுறமும் ஒன்றையொன்று சந்திக்காமலே நின்றுவிடுகின்றன.

இவ்விரண்டையும் சந்திக்க வைப்பது எப்படி என்பதே இன்றைய பொருள். மாணாக்கரே ஒரு கருவியைத் திட்டமிட்டு, செய்து, சோதித்து, அதன் குறையைக் கண்டு, மீண்டும் செய்வது இதற்கு ஏற்ற வழியாகும். பொறியியல் வடிவமைப்பு என்று வளர்ந்தோர் உலகில் வழங்கும் இம்முறையை, ஒன்பது, பத்து வயதுச் சிறுவர் சிறுமியரும் தம் அளவில் கையாள முடியும். அதற்கு எடுத்துக்காட்டாக, அட்டைப் பெட்டியால் ஆன சூரிய அடுப்பை இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

அடுப்பும் நாட்டின் கணக்கும்

எரிசக்தி என்றவுடன் அணைக்கட்டுகளும் அனல்மின் நிலையங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு குழந்தை நாள்தோறும் காணும் எரிசக்தி நிலையம் அதன் வீட்டு அடுப்பேயாகும். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நாட்டில் 58.6 விழுக்காடு, கிராமப்புறத்தில் 43.2 விழுக்காடு மட்டுமே. 2016 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தின் கீழ் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சமையல் எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. இது பெரும் சாதனையே. எனினும், சிலிண்டர் இருக்கும் வீட்டிலும் விறகடுப்பு முற்றிலும் அணைந்துவிடவில்லை என்பதை ஆசிரியர்கள் நேரில் அறிவர். மேலும், நாட்டிற்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது.

இப்புள்ளிவிவரங்களைக் குழந்தைகளிடம் ஒப்புவிக்கச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றின் பின்னால் இருக்கும் கேள்வியை மட்டும் அவர்கள் முன் வைத்தால் போதும். எரிபொருள் எங்கிருந்து வருகிறது? அதில் எவ்வளவு உண்மையில் சோற்றைச் சென்றடைகிறது? எவ்வளவு வீணாகிறது? வீணாவதைக் குறைக்க இயலுமா? பிற்காலத்தில் இவர்களே வீடு கட்டுவார்கள், இயந்திரம் வாங்குவார்கள், ஊராட்சியில் முடிவெடுப்பார்கள். அப்போது பயன்பட வேண்டிய கேள்விகள் இவை. இவற்றைக் கேட்கும் பழக்கம் தொடக்கப் பள்ளியிலேயே வேரூன்ற வேண்டும்.

புதிதல்ல இம்முயற்சி

செய்து கற்கும் முறை பாரத நாட்டிற்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. கைத்தொழிலை நடுவாக வைத்து, கணக்கும் மொழியும் பிறவும் அதிலிருந்து கிளைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. 1964-66 ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழுவும், வேலை அனுபவம் கல்வியின் பிரிக்கவியலாத அங்கமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. மாவட்டத்தின் பெயர் இப்போது நர்மதாபுரம். கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய தொண்டு நிறுவனங்கள் மாநில அரசின் ஒப்புதலுடன் இதனைத் தொடங்கின. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த இத்திட்டம், 2002-இல் மாநில அரசால் நிறுத்தப்படும் வரை முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. கிராமத்துப் பள்ளிகளில், எளிய பொருள்களைக் கொண்டு, குழந்தைகளே பரிசோதனை செய்து முடிவுகாண முடியும் என்பதை இது மெய்ப்பித்தது. இதில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. பாட முறையை மாற்றியவர்கள் தேர்வு முறையையும் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே மாணாக்கர் தேர்வெழுதினர். செய்முறைத் தேர்வும் இருந்தது. மனப்பாடத்தை அளக்கும் தேர்வை அப்படியே விட்டுவிட்டு, செய்முறைக் கல்வியை வளர்க்க முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வெளிநாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர் விஞ்ஞான அருங்காட்சியகம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு பொறியியல் பாடத்திட்டத்தை உருவாக்கியது. அதன் ஒரு பகுதி, ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையுடன் தொடங்கி, சூரிய அடுப்பை வடிவமைக்கும் பணியில் முடிகிறது. கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என்னும் ஐந்து படிகளை அது குழந்தைகளுக்குக் கற்பிக்கிறது.

கைத்தொழிலுக்கும் வடிவமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கைத்தொழிலில், முன்னோர் கண்ட செய்முறையைக் குழந்தை செவ்வனே பின்பற்றக் கற்கிறது. வடிவமைப்பிலோ, அடைய வேண்டிய இலக்கு மட்டும் தரப்படுகிறது, வழி தரப்படுவதில்லை. பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஏன் தேர்ந்தோம் என்பதற்குக் காரணம் கூறும் பொறுப்பு குழந்தையையே சேர்கிறது.

பெட்டிக்குள் நடப்பது

சூரிய அடுப்பின் தத்துவம் எளிது. கார்மேகமற்ற நண்பகலில், சூரியனை நேர்நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. பெட்டியின் மூடியில் பளபளப்பான தாளை ஒட்டி, அதைச் சாய்த்து நிறுத்தினால், அது மேலும் ஒளியை உள்ளே திருப்பிவிடும். உள்ளே கருநிறப் பாத்திரம் ஒளியை உட்கொண்டு சூடாகிறது. மேலே மூடிய கண்ணாடியோ, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளோ வெயிலை உள்ளே விடுகிறது. சூடேறிய காற்றை வெளியேறவிடாது தடுக்கிறது. பெட்டியின் சுவர்களில் திணித்த வைக்கோலும், உமியும், கசக்கிய செய்தித்தாளும் வெப்பத்தை வெளியே கடத்தாமல் காக்கின்றன.

ஆசிரியர் மனத்தில் கொள்ள வேண்டிய ஒரு சிறு கணக்கு உண்டு. பெட்டியின் வாய் அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உடையது என்று கொள்வோம். அதன் பரப்பு கால் சதுர மீட்டர். அதில் விழும் வெயில் ஏறத்தாழ 250 வாட். அரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்த ஏறத்தாழ ஒரு லட்சத்து ஐயாயிரம் ஜூல் வெப்பம் தேவை. விழுந்த வெயில் முழுவதும் தண்ணீரைச் சேருமானால் ஏழே நிமிடங்களில் இவ்வேலை முடிந்துவிடும். ஆனால் குழந்தைகள் செய்த பெட்டியில் இரண்டு மணி நேரம் கழித்தும் தண்ணீர் 80 டிகிரியை எட்டாமல் போகலாம். எஞ்சிய வெப்பம் எங்கே சென்றது? இக்கேள்வியில்தான் எரிசக்திப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இக்கணக்கைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவர்கள் தேடப்போகும் விடையின் அளவை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம்.

கேள்வியிலிருந்து தொடக்கம்

பணி எங்கே தொடங்க வேண்டும்? அட்டையை வெட்டுவதில் அன்று. வீட்டில் சமைப்பவரைக் கேட்பதில் தொடங்க வேண்டும். என்ன சமைக்கிறீர்கள்? எந்த வேளையில்? எவ்வளவு நேரம்? எந்தப் பாத்திரத்தில்? அடுப்பினால் உங்களுக்குத் தொல்லை என்ன? இவ்வைந்து கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொண்டு குழந்தைகள் மறுநாள் வகுப்புக்கு வரவேண்டும்.

இதனை வலியுறுத்துவதற்கு நாட்டின் அனுபவமே காரணம். 1950-களில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் ஒரு சூரிய அடுப்பை உருவாக்கியது. தொழில்நுட்ப அளவில் அது வேலை செய்தது. ஆனால் வீடுகளில் பரவவில்லை. பின்னர், 1980-களின் முற்பகுதியில் தொடங்கி 2002 வரை நடைபெற்ற தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட புகையில்லா அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அவற்றில் பல, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. வீட்டுப் பாத்திரத்திற்கு வாய் பொருந்தவில்லை. நீண்ட விறகு உள்ளே நுழையவில்லை. உடைந்தால் பழுதுபார்க்க ஆளில்லை. விடியற்காலையிலும் அந்திக்குப் பின்னும் சமைக்கும் குடும்பத்திற்கு நண்பகல் வெயில் எவ்வளவு பயன்படும் என்பதும் எளிய கேள்வியன்று. அடுப்பைப் பயன்படுத்தப்போகும் பெண்ணைக் கேளாமல் செய்யப்பட்ட அடுப்பு மூலைக்குப் போகும் என்பது, பெரும் பொருட்செலவில் நாடு கற்ற பாடம். அப்பாடத்தைப் பத்து வயதிலேயே செலவின்றிக் கற்றுக்கொள்ள இக்கேள்விகள் உதவும்.

வீட்டிலிருந்து வரும் விடைகள் பெரும்பாலும் வியப்பளிக்கும். சோறாக்குவதைவிடக் குளிப்பதற்கு வெந்நீர் போடுவதற்கே விறகு மிகுதியாகச் செலவாகிறது என்று ஒரு தாய் கூறக்கூடும். அப்படியானால் அக்குழுவின் இலக்கு வெந்நீராகவே இருக்கட்டும். வயலிலிருந்து திரும்பும்போது காலையில் ஆக்கிய குழம்பு ஆறாமல் இருந்தால் போதும் என்று இன்னொருவர் கூறலாம். இலக்கு வீட்டிலிருந்து வரும்போது, வேலை குழந்தைக்குத் தன்னுடையதாகிவிடுகிறது.

முதற் பெட்டியின் தோல்வி

வகுப்பை ஐவர் ஐவராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டைப் பெட்டியும், ஒரே அளவான ஒரு தகரக் குவளையும், கால் லிட்டர் தண்ணீரும் தரப்படுகின்றன என்று கொள்வோம். பிற பொருள்களைக் குழந்தைகளே சேகரிக்கின்றனர். தின்பண்டப் பொட்டலங்களின் உட்புற வெள்ளித்தாள், பழைய செய்தித்தாள், கிழிந்த துணி, வைக்கோல், மைதாப் பசை ஆகியவை எங்கும் கிடைப்பவை. குவளைக்குக் கருநிறம் பூசச் சாயம் வாங்க வேண்டியதில்லை. வீட்டுச் சட்டியின் அடியில் படிந்த கரியே போதும். புகையின் அடையாளமாகிய அந்தக் கரி, இங்கே வெயிலைப் பிடிக்கும் பூச்சாகப் பயன்படுவதைக் கண்டு குழந்தைகள் மகிழ்வர்.

வெட்டுவதற்கு முன் வரைய வேண்டும். பெட்டியின் படத்தை வரைந்து, எந்தப் பொருள் எங்கே, எதற்காக என்று ஒவ்வொன்றின் அருகிலும் எழுத வேண்டும். "வெள்ளித்தாள்: அழகாக இருக்கும்" என்று ஒருவன் எழுதினால் அவனைத் திருத்த வேண்டாம். வெயிலே அவனைத் திருத்தும்.

சோதனை நாளன்று பெட்டிகள் மைதானத்தில் வைக்கப்படுகின்றன. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். ஒரு குழுவின் பெட்டியில் மூடித்தாள் காற்றில் படபடத்துப் பிரிந்துவிடுகிறது. இன்னொரு குழுவின் பெட்டியில் குவளைக்கு மூடியில்லாததால் ஆவி எழுந்து, மேல்தாளின் அடியில் துளித்துளியாகப் படிந்து ஒளியை மறைக்கிறது. மூன்றாவது குழு முந்திய நாள் மழையில் நனைந்த வைக்கோலைத் திணித்திருக்கிறது. நான்காவது பெட்டி நன்றாகச் சூடேறிவரும் வேளையில், பதினொரு மணிக்கு அரசமரத்தின் நிழல் அதன்மீது வந்து விழுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வெறுமனே வெயிலில் வைத்த குவளைக்கும் பெட்டிக்குள் இருந்த குவளைக்கும் இடையே சில டிகிரிகளே வேறுபாடு.

குழந்தைகளின் முகம் வாடுகிறது. பல பள்ளிகளில் இப்பணி இந்த இடத்தோடு முடிந்துபோகிறது. "சோதனை செய்தோம்" என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. பெட்டிகள் மூலையில் அடுக்கப்படுகின்றன. உண்மையில் பாடம் தொடங்கும் இடம் இதுதான். ஒவ்வொரு பெட்டியின் தோல்வியும் ஆற்றலின் ஒரு பண்பைச் சொல்கிறது. பிரிந்த மூடி, சூடான காற்று வெப்பத்தைச் சுமந்து செல்லும் என்பதைக் காட்டுகிறது. ஈர வைக்கோல், நீர் வெப்பத்தை எளிதில் கடத்தும் என்பதைக் காட்டுகிறது. துளிகள் படிந்த தாள், ஆவியாவதற்கும் வெப்பம் செலவாகிறது என்பதைக் காட்டுகிறது. நகர்ந்த நிழல், மூலம் நின்றால் வரத்தும் நிற்கும் என்பதைக் காட்டுகிறது. ஆற்றல் ஓரிடத்திலிருந்து வருகிறது, ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாறுகிறது, வேண்டாத வழிகளில் நழுவுகிறது, தடுத்தால் தங்குகிறது என்னும் நான்கு உண்மைகளையும், ஒரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யாமல் குழந்தை கண்டுகொள்கிறது.

இரண்டாவது பெட்டி

ஆகவே, இவ்வுரையின் மையக் கருத்து இதுவே: இரண்டாவது பெட்டியைச் செய்ய நேரம் ஒதுக்கப்படாவிட்டால், முதற் பெட்டியால் விளையும் பயன் சிறிதே.

இரண்டாவது பெட்டியைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. குழந்தைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற விரும்புவர். மூடியை ஒட்டி, வைக்கோலை மாற்றி, வெள்ளித்தாளையும் கூட்டிவிட்டால், சூடு ஏறியது எதனால் என்று பின்னர் எவராலும் கூற இயலாது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் என்பதே விதி. தண்ணீரின் அளவு, குவளை, நேரம் ஆகியவை மாறாதிருக்க வேண்டும். இந்த நேர்மையான ஒப்பீட்டைக் கற்ற குழந்தை, பிற்காலத்தில் ஒரு விளம்பரத்தையும், ஒரு வதந்தியையும், ஓர் அரசுத் திட்டத்தையும்கூட எடைபோடும் திறன் பெறும்.

பொருளாதார நோக்கில் இப்பணியின் செலவை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அட்டைக்கும் பசைக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. விலை கொடுத்து வாங்க வேண்டியது குழுவுக்கு ஒரு வெப்பமானி மட்டுமே. இங்கே உண்மையில் பற்றாக்குறையான வளம் பாடவேளைதான். முதல் பெட்டிக்கு நான்கு பாடவேளைகள் ஆகும் என்றால், இரண்டாவதற்கு மேலும் இரண்டு தேவைப்படும். அவ்விரண்டைத் தர மறுத்தால், முன்பு செலவிட்ட நான்கும் பெரும்பாலும் வீணாகிவிடும். அணையைக் கட்டி முடித்து, வாய்க்கால் வெட்டுவதற்குப் பணமில்லை என்று நிறுத்திவிடுவதற்கு ஒப்பானது இது.

விஞ்ஞானக் கண்காட்சிகளைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். கண்காட்சிகள் ஆர்வத்தை வளர்க்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் பரிசு பெறும் மாதிரிகளில் எத்தனை, குழந்தையின் கையால் ஆனவை? வண்ணம் பூசி, விளக்கு பொருத்தி, கடையில் வாங்கிய பாகங்களைக் கொண்டு பெற்றோர் செய்து தந்த மாதிரி முன்வரிசையில் நிற்கிறது. இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தண்ணீரைப் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேற்றிய கோணல் பெட்டி, கண்ணில் படாமல் பின்வரிசையில் கிடக்கிறது. பொருளுக்கு மதிப்பெண் தரும்வரை வசதியுள்ள குழந்தையே வெல்லும். முன்னேற்றத்திற்கு மதிப்பெண் தந்தால், சுள்ளி பொறுக்கி வந்த சிறுமியும் சம நிலையில் நிற்பாள். எனவே குழுவின் குறிப்பேடே மதிப்பீட்டுக்கு அடிப்படையாக வேண்டும். முதலில் என்ன நினைத்தோம், என்ன நேர்ந்தது, எதை மாற்றினோம், எத்தனை டிகிரி கூடியது என்னும் நான்கு வரிகளைப் படித்தால், கற்றது எவ்வளவு என்பது ஆசிரியருக்குத் தெளிவாகிவிடும்.

மழைக்காலத்திலும் முடியும்

மேகமூட்டமுள்ள மாதங்களில் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்குக் கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் புகைகுறைந்த அடுப்புடன் 'சூடாறாப் பெட்டி' என்ற எளிய சாதனத்தையும் மக்களிடையே பரப்பியது. அரிசியை அடுப்பில் கொதிக்கவிட்டு, கொதிக்கும் பானையை அப்படியே வெப்பம் கடத்தாப் பொருள் திணித்த பெட்டியில் வைத்து மூடிவிட்டால், உள்ளே தங்கிய வெப்பத்திலேயே சோறு வெந்துவிடுகிறது. விறகும் எரிவாயுவும் கணிசமாக மிச்சமாகின்றன.

வெயிலே தேவைப்படாத இப்பெட்டியைக் குளிர் மிகுந்த இமாலயப் பகுதிகளிலும், மழை நீடிக்கும் வடகிழக்கு மாநிலங்களிலும் வகுப்பறைக்குள்ளேயே சோதிக்கலாம். ஒரே அளவான வெந்நீரை ஆசிரியர் தம் கையால் ஊற்றித் தர, எந்தக் குழுவின் பெட்டியில் ஒரு மணி நேரத்தில் சூடு மிகக் குறைவாக இறங்குகிறது என்று பார்ப்பதே போட்டி. கோதுமை வைக்கோலா, நெல் உமியா, தேங்காய் நாரா, பழைய கம்பளியா என்பதை அந்தந்த வட்டாரமே முடிவு செய்யட்டும். ஆற்றலை உண்டாக்குவதற்கு நிகரானது அதை இழக்காமல் காப்பது என்னும் சிக்கனப் பாடம் இதில் இயல்பாகவே அமைகிறது. டிசம்பர் 14-ஆம் நாள் கொண்டாடப்படும் தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளுக்குச் சுவரொட்டி வரைவதோடு, இத்தகைய பெட்டி ஒன்றையும் செய்து பார்க்கலாம்.

ஆசிரியரின் ஐயங்கள்

பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது என்பது நியாயமான கேள்வி. சூரிய அடுப்பைத் தனிப் பாடமாகச் சேர்த்தால் சுமை கூடும் என்பது உண்மையே. ஆனால் வெப்பநிலையைப் பதிவதும், வரைபடம் வரைவதும் கணக்குப் பாடம். சமைப்பவரைப் பேட்டி கண்டு எழுதுவதும், பெட்டியைச் செய்யும் முறையை வரிசையாக எழுதுவதும் மொழிப் பாடம். எரிபொருளும் காற்றும் சூழ்நிலையியல் பாடம். பல பாடங்களுக்குரிய வேளைகளை இணைத்துக்கொண்டால் ஆறு பாடவேளைகளைக் காண்பது கடினமன்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், பாடச்சுமையைக் குறைத்து அனுபவவழிக் கற்றலுக்கு இடமளிக்குமாறு கூறுகிறது.

ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வியைக் குழந்தை கேட்டுவிட்டால் என் செய்வது என்ற அச்சமும் உண்டு. "தெரியவில்லை; எப்படிச் சோதித்துப் பார்க்கலாம்?" என்று ஆசிரியர் கூறுவது இம்முறையில் இழுக்கன்று, அதுவே முறையான விடையாகும்.

பாதுகாப்பில் மட்டும் தளர்ச்சி கூடாது. சூரியனையோ, வெள்ளித்தாளில் தெறிக்கும் ஒளியையோ உற்றுப் பார்க்கலாகாது. கண்ணாடிக்குப் பதில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளே போதும். பாதரச வெப்பமானியைத் தவிர்த்துச் சாராய வெப்பமானியைப் பயன்படுத்த வேண்டும். சூடான குவளையைப் பெரியவர்களே எடுக்க வேண்டும். இளஞ்சூட்டில் நெடுநேரம் இருந்த உணவை உண்ணலாகாது. ஆகவே தண்ணீரைச் சூடேற்றுவதோ, மெழுகையும் வெல்லத்தையும் உருக்குவதோ போதுமானது.

மேலும் ஒரு கவனம் தேவை. அட்டையை வெட்டுவதும் அளப்பதும் சிறுவர் வேலை, எழுதுவதும் கூட்டிப் பெருக்குவதும் சிறுமியர் வேலை என்று குழுக்கள் தாமாகவே பிரிந்துவிடும். முறைவைத்து வேலையை மாற்றிக் கொடுத்தால் இது தீரும். ராஜஸ்தானத்தின் திலோனியாவில், முறையான கல்வி பெறாத கிராமப் பெண்கள் சூரிய விளக்குகளையும் சூரிய அடுப்புகளையும் தம் கையாலேயே செய்து வருகின்றனர். கருவியைச் செய்யும் அறிவு ஆணுக்கோ படித்தவருக்கோ மட்டும் உரியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

செய்ய வேண்டுவன

இப்பணி பரவுவதற்குப் பெரும் நிதியொதுக்கீடு தேவையில்லை. பள்ளிக்கு எட்டுப் பத்து வெப்பமானிகள், ஆண்டுக்கு ஆறு பாடவேளைகள், முன்னேற்றத்தை மதிக்கும் மதிப்பீட்டு முறை ஆகிய மூன்றும் போதும். இவற்றுடன், ஆசிரியப் பயிற்சியிலேயே ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பெட்டியைத் தம் கையால் செய்து, அது சரியாகச் சூடேறாததைக் கண்டு, இரண்டாவதைச் செய்து பார்க்க வேண்டும். தாம் தோற்றுப் பார்த்த ஆசிரியரே குழந்தையின் தோல்வியைப் பொறுமையோடு காண்பார். மேற்பார்வைக்கு வரும் அலுவலர்களும் பதிவேட்டை மட்டும் பாராமல், "இரண்டாவது பெட்டி எங்கே?" என்று கேட்பார்களானால், பள்ளிகளில் அதற்கு இடம் பிறக்கும்.

அட்டைப் பெட்டி அடுப்பு நாட்டின் எரிபொருள் பிரச்சினையைத் தீர்த்துவிடாது. அவ்வாறு எதிர்பார்ப்பதும் தவறு. மழை வந்தால் அது நனைந்து போகும். ஓராண்டில் கரையான் தின்றுவிடும். ஆனால் அதைச் செய்த சிறுமி வீட்டுக்குச் சென்று, தன் தாயின் அடுப்பைப் புதிய கண்களோடு பார்ப்பாள். பானைக்கும் அடுப்பின் வாய்க்கும் இடையே உள்ள சந்தில் வெப்பம் வீணே வெளியேறுவதைக் காண்பாள். மூடாத பானையை மூடச் சொல்வாள். ஏன் என்று தாய் கேட்டால் காரணமும் கூறுவாள். "வேலை செய்யும் திறனே ஆற்றல்" என்று அவள் பள்ளியில் ஒப்புவித்த வாக்கியம் அன்றுதான் அவளுக்குப் பொருள்படும். அதற்கு வேண்டிய இரண்டு பாடவேளைகளை ஆசிரியப் பெருமக்கள் அவளுக்கு வழங்க வேண்டும்.